உலக நீதிமன்றங்களில் நவநீதம் பிள்ளை

கடல் கடந்து போனவர்களைப் பற்றிய பேச்சு எங்கள் புவனகிரிப் பக்கத்திற்குப் புதிதன்று. வெள்ளாறு எங்கள் ஊரைத் தொட்டுச் சென்று பரங்கிப்பேட்டை அருகே கடலோடு கலக்கின்றது. ஆறு போன வழியே ஆளும் போவது இயல்புதானே! ரங்கூனுக்குப் போனவர், பினாங்குக்குப் போனவர், கொழும்புக்குப் போனவர் என்று பழைய குடும்பங்களில் எவரையேனும் சொல்லுவார்கள். ஆனால் நேட்டாலுக்குப் போனவர்களைப் பற்றி அவ்வளவாகச் சொல்லுவதில்லை. அவர்களிற் பலர் திரும்பி வரவில்லை என்பதே அதற்குக் காரணமாக இருக்கலாம்.

தென் ஆப்பிரிக்காவின் கிழக்குக் கரையில் உள்ளது நேட்டால். ஆங்கிலேயர் அங்குக் கரும்புத் தோட்டங்களை உண்டாக்கினர். வேலைக்கு ஆள் போதவில்லை. சென்னைத் துறைமுகத்திலிருந்து புறப்பட்ட 'டுரூரோ' என்னும் கப்பல் 342 பேரை ஏற்றிக்கொண்டு 1860-ஆம் ஆண்டு நவம்பர் 16-ஆம் நாள் டர்பன் நகரை அடைந்தது. அது தொடக்கம். 1911-ஆம் ஆண்டில் அந்த ஏற்றுமதி நிறுத்தப்படும் வரையில் போனவர்கள் ஏறக்குறைய 1,52,000 பேர். அவர்களில் பெரும் பகுதியினர் சென்னைத் துறைமுகத்தின் வழியாகச் சென்றவர்கள். ஏற்றுமதி என்ற சொல்லை நான் வேண்டுமென்றே ஆளுகின்றேன். ஒவ்வொருவருக்கும் ஓர் எண் தரப்பட்டது. பெயர், தந்தை பெயர், வயது, சாதி, மாவட்டம், ஊர், உடலில் உள்ள மச்சம் அல்லது தழும்பு ஆகியவற்றைக் கப்பற் பதிவேட்டில் எழுதினார்கள். தென் ஆற்காடு என்னும் பெயர் அப்பதிவேடுகளில் பன்முறை வருகின்றது. கடலூரும் சிதம்பரமும் எங்கள் புவனகிரியும் அந்நாளில் அந்த மாவட்டத்தில் அடங்கியிருந்தன.

ஐந்தாண்டு ஒப்பந்தம், முதலாண்டில் மாதம் 10 ஷில்லிங் கூலி, பின்னர் ஆண்டுக்கு ஒரு ஷில்லிங் உயர்வு. ஒப்பந்தத்தை மீறினால் அது குற்றமாகும். முதலாளி மீறினாலோ, அதை மெய்ப்பிக்க வேண்டிய பொறுப்பு கூலியாளுடையது. பாலசுந்தரம் என்னும் தமிழர் ஒருவர் 1894-ஆம் ஆண்டில், முன்பற்கள் இரண்டு உடைந்து, வாயில் குருதி ஒழுக, தலைப்பாகையைக் கையில் ஏந்தியவராய் ஒரு வழக்கறிஞரின் அறைக்குள் வந்து நின்றார். அடித்தவர் அவருடைய எசமானர். வழக்கறிஞர், இருபத்தைந்து வயதும் நிரம்பாத காந்தியடிகள். வெள்ளையர் முன் தலைப்பாகையைக் கழற்றிக் கையில் வைத்துக் கொள்ளவேண்டும் என்பது அந்த நாட்டு வழக்கம். அதையே அவர் காந்தியடிகளிடமும் செய்தார். காந்தியடிகள் அதைத் தலையில் கட்டிக்கொள்ளச் செய்து, மருத்துவரிடம் சான்று பெற்று, மாஜிஸ்திரேட்டிடம் அழைத்துப் போனார். எசமானரைச் சிறைக்கு அனுப்புவது அவர் நோக்கமன்று. பாலசுந்தரம் வேறோர் இடத்திற்கு மாற்றப்பட்டார். அவ்வளவே கிடைத்தது. ஆயினும் கூலியாள் நீதிமன்றப் படியேறலாம் என்னும் செய்தி தோட்டந்தோறும் பரவியது.

நீதிமன்றம் எப்போதும் எளியவர் பக்கம் நின்றதாக எண்ணிவிடலாகாது. 1913-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் கேப் மாகாணத்து நீதிபதி ஸேர்ல் என்பவர், கிறிஸ்தவ முறைப்படி நடவாத திருமணம் செல்லாது என்னும் பொருள்படத் தீர்ப்பளித்தார். ஒரே நாளில் இந்தியப் பெண்கள் ஆயிரக்கணக்கானோர் சட்டத்தின் கண்ணில் மனைவியர் அல்லர் என்றாயிற்று. அந்தத் தீர்ப்பின் பின்னரே பெண்கள் சத்தியாக்கிரகத்தில் இறங்கினார்கள். சிறை சென்று, அங்கே நோயுற்று, 1914-ஆம் ஆண்டு பிப்ரவரி 22-ஆம் நாள் உயிர்நீத்த வள்ளியம்மையை நீங்கள் அறிவீர்கள். அவர் குடும்பத்தின் ஊரான தில்லையாடி, கொள்ளிடத்தைக் கடந்தால் எங்களுக்கு அயல்தான்.

இந்தப் பின்னணியிலேதான் நான் சொல்லவந்த பெண்மணி பிறக்கின்றார். 1941-ஆம் ஆண்டு செப்டம்பர் 23-ஆம் நாள், டர்பன் நகரில் கிளேர்வுட் என்னும் ஏழை மக்கள் வாழ்ந்த பகுதியில், ஒரு தமிழ்க் குடும்பத்திலே நவநீதம் பிறந்தார். தந்தை பேருந்து ஓட்டுநர். ஆறு வயதுச் சிறுமியாக இருந்தபோது, தந்தையின் சம்பளப் பணம் களவு போன வழக்கிலே அவர் சாட்சி சொல்ல நேர்ந்தது. திருடன் தண்டனை பெற்றான். பணம் மட்டும் திரும்பவில்லை. இதைப் பின்னாளில் அவரே சொல்லியிருக்கின்றார். குற்றவாளி சிறை சென்றுவிட்டால் நீதி முடிந்துவிடுமா, இழந்தவனுக்கு என்ன கிடைத்தது என்னும் கேள்வி அன்றே அச்சிறுமியின் மனத்தில் விழுந்திருக்க வேண்டும். அக்கேள்வியைப் பின்னர் மீண்டும் காண்போம்.

பல்கலைக்கழகத்திற்கு அனுப்பக் குடும்பத்திற்கு வசதியில்லை. கிளேர்வுட் இந்தியர்கள் தங்களுக்குள் பணம் திரட்டித் தந்தார்கள். நேட்டால் பல்கலைக்கழகத்தில் 1963-இல் பி.ஏ. பட்டமும் 1965-இல் சட்டப் பட்டமும் பெற்றார். அங்கும் வெள்ளையரல்லாத மாணவர்க்கு வகுப்புகள் தனி. பயிற்சிக்கு இடம் தேடியபோது வெள்ளையர் அலுவலகங்கள் கதவடைத்தன. வெள்ளை எழுத்தர்கள் ஓர் இந்தியப் பெண்ணிடம் கட்டளை பெறுவதா என்பது அவர்கள் கூறிய காரணம். வேலை தருவார் இல்லாமையால் 1967-இல் தாமே ஓர் அலுவலகம் திறந்தார். நேட்டாலில் அவ்வாறு தொழில் தொடங்கிய வெள்ளையரல்லாத முதற் பெண் அவரே.

நிறவெறிச் சட்டத்தின் கொடுமை அவர் வீட்டிற்குள்ளும் வந்தது. வழக்கறிஞரான கணவர் கேபி பிள்ளை காவலில் வைக்கப்பட்டார். விசாரணை என்ற பெயரால் சித்திரவதை நடக்கும் என்பதை அறிந்த மனைவி, 1971-இல் நீதிமன்றம் சென்று, சட்டத்திற்கு மாறான முறைகளைப் போலீசார் கையாளக்கூடாது என்று உத்தரவு பெற்றார். 1973-இல் இன்னும் பெரிய வெற்றி. ராபன் தீவுச் சிறையில் இருந்த அரசியற் கைதிகள் தங்கள் வழக்கறிஞரைச் சந்திக்கும் உரிமையை வழக்காடிப் பெற்றுத் தந்தார். அக்கைதிகளுள் ஒருவர் நெல்சன் மண்டேலா. அநீதியான சட்டங்கள் நிறைந்த நாட்டிலும், அச்சட்டங்களுக்கு இடையே உள்ள சந்துகளைத் தேடிக் கண்டுபிடித்து வெளிச்சம் கொண்டுவர முடியும் என்பதை அவர் காட்டினார்.

இருபத்தெட்டு ஆண்டுகள் இவ்வாறு வழக்காடினார். இடையே அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் 1982-இல் முதுகலையும் 1988-இல் சட்டத்தில் முனைவர் பட்டமும் பெற்றார். அந்த முனைவர் பட்டத்தைப் பெற்ற முதல் தென் ஆப்பிரிக்கர் அவரே. ஆயினும் தம் சொந்த நாட்டில், வழக்கு நடக்கும் மன்றத்தில் நின்று வாதாடலாமே அன்றி, நீதிபதியின் தனியறைக்குள் அவர் அடிவைக்க இயலாது. தில்லையின் எல்லையிலே வெளியே நின்ற நந்தனாரின் கதையைக் கேட்டு வளர்ந்த எங்கள் பக்கத்தாருக்கு இதை விளக்கவேண்டுவதில்லை. 1995-இல், மண்டேலாவின் ஆட்சியில், அவர் உயர்நீதிமன்றத்தின் தற்காலிக நீதிபதியாக நியமிக்கப்பட்டார். நீதிபதியின் அறைக்குள் அவர் நுழைந்தது அதுவே முதன்முறை. அப்போது அது அவருடைய அறையாகவே இருந்தது.

அந்த இருக்கையில் அவர் நெடுநாள் அமரவில்லை. அதே ஆண்டில் ஐக்கிய நாடுகள் பொதுச்சபை அவரை ருவாண்டாவிற்கான சர்வதேசக் குற்றவியல் தீர்ப்பாயத்தின் நீதிபதியாகத் தேர்ந்தெடுத்தது.

ருவாண்டா நம் தமிழ்நாட்டின் நான்கில் ஒரு பங்கும் இல்லாத சிறு மலைநாடு. 1994-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் ஜூலை வரையில் ஏறத்தாழ நூறு நாட்களில், அங்கே எட்டு இலட்சம் பேர் வரை கொல்லப்பட்டனர்; பெரும்பாலோர் டூட்சி இனத்தவர். கொன்றவர்கள் அயல்நாட்டுப் படையினர் அல்லர். அண்டை வீட்டாரும் அதிகாரிகளும் பயிற்றுவிக்கப்பட்ட குண்டர்களும். அவ்வாண்டு நவம்பர் 8-ஆம் நாள் பாதுகாப்புச் சபை இத்தீர்ப்பாயத்தை நிறுவியது. தான்சானியாவின் அருஷா நகரில் அது கூடியது. நவநீதம் அம்மையார் அங்கே எட்டாண்டுகள் பணிபுரிந்தார். 1999 முதல் 2003 வரை தலைவராகவும் இருந்தார். தொடக்கத்தில் நீதிபதிகளுள் பெண் அவர் ஒருவரே.

முதல் வழக்கு ழான் போல் அகாயேசு என்பவருடையது. தாபா என்னும் வட்டாரத்தின் தலைவர். முன்னர் ஆசிரியராகவும் பள்ளி ஆய்வாளராகவும் இருந்தவர். மாணவர்களாகிய நீங்கள் இதை ஊன்றிக் கேட்கவேண்டும். கொலைகள் தொடங்கிய முதல் நாட்களில் அகாயேசு அவற்றைத் தடுக்கவே முயன்றார் என்று தீர்ப்பே கூறுகின்றது. ஏப்ரல் 18-ஆம் நாள் மேலிடத் தலைவர்கள் கூட்டிய ஒரு கூட்டத்திற்குப் போய்வந்தார்; அதன் பின்பு அவர் மாறிவிட்டார். அடைக்கலம் தேடி அவருடைய அலுவலக முற்றத்திற்கு வந்த டூட்சிப் பெண்களுக்கு அங்கேயே கொடுமைகள் நிகழ்ந்தன. அவர் தடுக்கவில்லை, ஊக்கவும் செய்தார்.

1997 ஜனவரியில் விசாரணை தொடங்கியபோது, குற்றப்பத்திரிகையில் பாலியல் வன்முறை என்ற சொல்லே இல்லை. வேறு குற்றங்களையே பட்டியலிட்டிருந்தார்கள். பெயர் மறைக்கப்பட்டு 'ஜே' என்னும் எழுத்தால் குறிக்கப்பட்ட ஒரு தாய், தம் ஆறு வயது மகளை மூவர் சீரழித்ததைச் சாட்சிக் கூண்டிலே கூறினார். அரசுத்தரப்பார் கேளாத கேள்விகளை நீதிபதிகள் கேட்டனர். பின்னர் வந்த பெண்களும் கூறினர். விசாரணை நிறுத்தப்பட்டது, சான்றுகள் திரட்டப்பட்டன, அவ்வாண்டு ஜூன் மாதத்தில் குற்றப்பத்திரிகை திருத்தப்பட்டது. கேட்பதற்கு ஒரு பெண் அந்த இருக்கையில் இல்லாதிருந்தால் அக்கேள்விகள் எழுந்திருக்குமா என்பதை நான் ஐயத்தோடுதான் நினைக்கின்றேன்.

1998-ஆம் ஆண்டு செப்டம்பர் 2-ஆம் நாள் தீர்ப்பு வந்தது. செனகல் நாட்டு லாய்ட்டி காமா தலைமை. சுவீடன் நாட்டு லென்னர்ட் ஆஸ்பெகிரனும் நவநீதம் பிள்ளையும் உடனிருந்தோர். 1948-ஆம் ஆண்டின் இனப்படுகொலை உடன்படிக்கையைக் கொண்டு ஒரு சர்வதேச நீதிமன்றம் ஒருவரைத் தண்டித்தது அதுவே முதன்முறை. உடன்படிக்கை ஏட்டில் ஐம்பதாண்டு உறங்கிக் கிடந்தது என்பதை எண்ணிப் பாருங்கள். ஓர் இனத்தை அழிக்கும் நோக்கத்தோடு செய்யப்படும் பாலியல் வன்முறையும் இனப்படுகொலையே என்று அத்தீர்ப்பு விதித்தது. அதற்குமுன் எந்த நீதிமன்றமும் அவ்வாறு சொன்னதில்லை.

இங்கே ஒரு சொல்லாராய்ச்சி. நம் பத்திரிகைகள் நெடுங்காலம் ஆண்ட பழைய சொல்லில் 'கற்பு' என்பது ஒட்டிக்கொண்டிருக்கும். இழந்தவள் எதையோ இழந்து குறைபட்டாள் என்று அச்சொல்லே கூறிவிடும். மேல்நாட்டாரும் இதில் நமக்கு மேம்பட்டவர் அல்லர். 1949-ஆம் ஆண்டின் ஜெனீவா உடன்படிக்கை, பெண்களின் மானத்தின் மீது நிகழும் தாக்குதல் என்றே இக்குற்றத்தைக் குறித்தது. அகாயேசு தீர்ப்பில் மானம் என்ற பேச்சில்லை. கட்டாயச் சூழ்நிலையில் ஒருவருடைய உடலின்மீது நிகழ்த்தப்படும் பாலியல் ஆக்கிரமிப்பு என்று இலக்கணம் வகுத்தார்கள். குறை முழுவதும் ஆக்கிரமித்தவனுடையதாயிற்று. சிலம்பிலே அரசவையில் வழக்குரைத்து வென்ற பெண்ணை நாம் போற்றுகின்றோம். சட்டத்தின் சொல்லையே மாற்றிய பெண்ணையும் அவ்வரிசையில் வைத்து எண்ணுவதில் தவறில்லை.

அகாயேசுவுக்கு வாழ்நாள் சிறை. ஆயினும் சாட்சி கூறிய பெண்களுக்கு என்ன கிடைத்தது? இழப்பீடு வழங்கும் அதிகாரம் அத்தீர்ப்பாயத்திற்கு இல்லை. பணம் திரும்பாத டர்பன் வழக்கை இங்கே நினைத்துக் கொள்ளுங்கள்.

அடுத்த வழக்கைப் பற்றி வானொலியிலே பேசுவதற்குச் சற்றுத் தயக்கமாக இருக்கின்றது. ஏனெனில் அங்கே குற்றவாளிக் கூண்டில் நின்றது வானொலியே. ஆர்.டி.எல்.எம். என்னும் தனியார் வானொலி 1993 ஜூலையில் ருவாண்டாவில் ஒலிபரப்பத் தொடங்கியது. நல்ல இசை, நகைச்சுவை, இளைஞர் விரும்பும் பேச்சு. அவற்றின் இடையே டூட்சிகளைக் கரப்பான்பூச்சிகள் என்றார்கள். 1994 ஏப்ரலுக்குப் பின், இன்னார் இன்ன இடத்தில் ஒளிந்திருக்கின்றார் என்று பெயர் சொல்லி அறிவித்தார்கள். கேட்டவர்கள் கையில் வெட்டுக்கத்தியோடு அவ்விடம் போனார்கள். வானொலியை நடத்திய நஹிமானா ஒரு வரலாற்றுப் பேராசிரியர். உடனிருந்த பராயகுவிசா ஒரு வழக்கறிஞர். மூன்றாமவர் இங்கேசே, 'கங்குரா' என்னும் ஏட்டின் ஆசிரியர். மூவரும் படித்தவர்கள். தம் கையால் கத்தியெடுத்தமைக்காக அவர்கள் கூண்டில் நிற்கவில்லை. பேசியதற்காகவும் எழுதியதற்காகவும் நின்றார்கள்.

பேச்சுரிமை எங்கே முடிகின்றது, குற்றம் எங்கே தொடங்குகின்றது? இதற்கு முன்னுதாரணம் தேடினால் 1946-ஆம் ஆண்டின் நியூரம்பர்க் தீர்ப்புக்குத்தான் போகவேண்டும். அங்கே யூத வெறுப்பை அச்சிட்ட ஸ்ட்ரைக்கர் தூக்கிலிடப்பட்டார். நாஜி வானொலியில் பேசிய பிரிட்ஷே விடுதலையானார். ஐம்பத்தேழு ஆண்டுகளுக்குப்பின், 2003 டிசம்பர் 3-ஆம் நாள், நவநீதம் அம்மையார் தலைமையில் நார்வே நாட்டு எரிக் மோசேயும் இலங்கை நாட்டு அசோகா டி சொய்சா குணவர்தனாவும் அமர்ந்து, மூவரும் குற்றவாளிகளே என்று தீர்ப்பளித்தார்கள். துப்பாக்கியோ கத்தியோ இல்லாமலே ஆயிரக்கணக்கானோர் சாவுக்குக் காரணமாயினர் என்பது தீர்ப்பின் கருத்து.

அத்தீர்ப்பு முழுமையாக நிலைக்கவில்லை. 2007 நவம்பரில் மேல்முறையீட்டு மன்றம் சிலவற்றை மாற்றியது. 1994 ஏப்ரல் 6-ஆம் நாளுக்கு முன் நிகழ்ந்த ஒலிபரப்புகள் வெறுப்பைப் பரப்பினவே அன்றி, இனப்படுகொலைக்கு நேரடியாகத் தூண்டின என்பது ஐயமற மெய்ப்பிக்கப்படவில்லை என்று கூறித் தண்டனைகளைக் குறைத்தது. மூவருக்கும் முப்பதாண்டும் அதற்கு மேலும் எஞ்சின. மேல் மன்றம் செய்தது சரியா என்று சட்டம் பயில்வோர் இன்னும் வாதிக்கின்றார்கள். என் கருத்தைக் கேட்டால், கரப்பான்பூச்சி என்று அழைத்த நாளிலேயே கொலை தொடங்கிவிட்டது என்பேன். ஆனால் நான் நீதிபதியல்லேன். ஐயத்தின் பயனைக் குற்றம் சாட்டப்பட்டவனுக்கே தரவேண்டும் என்னும் கட்டுப்பாடு எனக்கில்லை.

2002-இல் நிலையான சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றம் ஹேக் நகரில் தோன்றியபோது, முதன்முதல் தேர்ந்தெடுக்கப்பட்ட 18 நீதிபதிகளுள் அம்மையாரும் ஒருவர்; அப்பதினெண்மரில் எழுவர் பெண்கள். மேல்முறையீட்டுப் பிரிவில் 2008 வரை இருந்தார். அந்நீதிமன்றத்தின் முதல் வழக்கு விசாரணைக்கு வந்ததே 2009-இல்தான். எனவே இக்காலம் பற்றிச் சொல்ல மிகுதியில்லை. ஒன்று மட்டும்: பாதிக்கப்பட்டவர்க்கு இழப்பீடு வழங்கும் அதிகாரமும் அதற்கென ஒரு நிதியும் இந்நீதிமன்றத்தின் சட்டத்திலேயே இடம்பெற்றன.

2008 செப்டம்பர் முதல் 2014 ஆகஸ்டு வரை அவர் ஐக்கிய நாடுகளின் மனித உரிமை ஆணையராக இருந்தார். அது நீதிபதிப் பதவியன்று. ஆயினும் நீதிபதியின் குணம் அங்கே சோதிக்கப்பட்டது. 2013 ஆகஸ்டில் அவர் இலங்கைக்குச் சென்றபோது, தமிழ்ப் பெண் ஆதலால் ஒருபாற் கோடுவார் என்று அங்கே அமைச்சர் சிலரே ஏசினர். தாம் தென் ஆப்பிரிக்கர், அதில் பெருமை கொள்பவர் என்று கொழும்பில் விடையிறுத்தார். போர் முடிவில் நிகழ்ந்தவை பற்றி நம்பத்தக்க விசாரணை வேண்டும் என்று அரசை வற்புறுத்தினார். விடுதலைப் புலிகள் இழைத்த கொலைகளையும் அதே மேடையிற் கடுமையாகக் கண்டித்தார். இரு சாராரும் மகிழவில்லை. நம்மவர் சிலருக்கும் அது கசந்தது. துலாக்கோலைப் பிடிப்பவர் நம் வீட்டுப் பெண்ணாயினும் தட்டு நம் பக்கம் சாயவேண்டும் என்று கேட்கலாமா?

ஓய்வு பெறும் வயதைக் கடந்த பின்னும் பணி விடவில்லை. 2021 முதல் 2025 வரை பாலஸ்தீனப் பகுதிகள் பற்றிய ஐக்கிய நாடுகளின் விசாரணைக் குழுவுக்குத் தலைமை தாங்கினார். காசாவில் இனப்படுகொலை நிகழ்ந்தது என்று அக்குழு 2025 செப்டம்பரில் அறிக்கை தந்தது. இஸ்ரேல் அதை அடியோடு மறுத்தது. குழுவின் முடிவு வேறு, நீதிமன்றத் தீர்ப்பு வேறு என்பதை மாணவர்கள் மறவாதிருப்பது நலம்.

இவற்றுக்கிடையே நாடுகளுக்குள் எழும் வழக்குகளைத் தீர்க்கும் சர்வதேச நீதிமன்றத்திலும் அவர் அமர்ந்தார். ஹேக் நகரின் சமாதான மாளிகையில் அம்மன்றத்தின் முன்னோடி 1922-இல் கூடியபோது நீதிபதிகள் பதினொருவர். அவர்களுள் டென்மார்க் நாட்டு டிட்ரிக் நீஹோல்ம் என்பவர் ஒருவர். டேனியர் நமக்கு அந்நியர் அல்லர். 1845-இல் ஆங்கிலேயருக்கு விற்கும் வரையில் தரங்கம்பாடிக் கோட்டை அவர்களுடையது. அப்பதினொருவரில் ஆசியர் ஜப்பானியர் ஒருவரே; ஆப்பிரிக்கர் எவருமில்லை; பெண் எவருமில்லை. பின்வந்த இன்றைய மன்றத்திற்கும் முதற் பெண் நீதிபதி 1995-இல்தான் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

தன் நாட்டவர் எவரும் நீதிபதிகளுள் இல்லாத நாடு, அந்த வழக்கிற்கு மட்டும் ஒருவரைத் தானே பெயர் குறிக்கலாம் என்பது அம்மன்றத்தின் விதி. ரோஹிங்கியா மக்களுக்கு இழைக்கப்பட்டது இனப்படுகொலை என்று மியான்மர் மீது ஆப்பிரிக்காவின் காம்பியா 2019 நவம்பரில் வழக்குத் தொடுத்தது. அந்நாடு குறித்த பெயர் நவநீதம் பிள்ளை. மியான்மர், ஜெர்மானியப் பேராசிரியர் கிளாஸ் கிரெஸ் என்பாரைக் குறித்தது. 2020 ஜனவரி 23-ஆம் நாள், எஞ்சியிருக்கும் ரோஹிங்கியரைக் காக்கவேண்டும், சான்றுகளை அழிக்கலாகாது, நான்கு மாதத்தில் அறிக்கை தரவேண்டும், பின்னர் ஆறு மாதத்திற்கொருமுறை தரவேண்டும் என்று மன்றம் இடைக்கால ஆணை பிறப்பித்தது. நீதிபதிகள் பதினெழுவரும் ஒருமனதாக வாக்களித்தனர். மியான்மர் குறித்த நீதிபதியும் அவர்களுள் ஒருவர்.